கயிறு பிடித்த கை

முப்பத்தைந்து வருஷமாகக் கோகிலனை எங்கே பார்த்தாலும் ஜனங்கள் கேட்பது ஒரே வார்த்தை. முழு வார்த்தைகூட இல்லை, அதில் பாதி.

"அண்ணே, ஒரு தடவ 'சம்ப' சொல்லுங்கண்ணே!"

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூ வாங்கப் போனால் கேட்பார்கள். கோயிலில் பிரசாத வரிசையில் நின்றால் கேட்பார்கள். ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், வாய் மரத்துப்போய்க் கிடந்தவரிடம் நர்ஸ் பெண் கேட்டாள். மனுஷன் அதற்கும் சளைக்கவில்லை. கண்ணை உருட்டி, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, "சம்ப...!" என்று ஆரம்பித்து, பாதியில் வெட்டி, தொபீரென்று விழப்போகிறவர் மாதிரி முழங்காலை மடக்கினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இதில் ஒரு விஷயம் பாருங்கள். அந்த வார்த்தை கோகிலனுடையதே இல்லை. படத்தில் அதைச் சொன்னவர் வேறு ஒருத்தர். விழுந்தவரும் அவர்தான்.

படத்தின் பேர் 'பட்டர்வொர்த் சம்பந்தி'. படம் என்றால் சினிமாக் கொட்டகைக்கு வந்த படம் இல்லை. கல்யாண வீடுகளில் வீடியோ பிடித்துப் பிழைத்த மோகனராஜ் என்பவர், அதே கேமராவை வைத்து, தொண்ணூறாம் வருஷம் ஞாயிறு ஞாயிறாக எடுத்து முடித்த வீடியோ படம். நடித்தவர்கள் எல்லாம் கோயில் திருவிழாவில் நாடகம் போடுகிற உள்ளூர் ஆட்கள். ஆனால் கேசட் கடைகளில் அது போட்ட போடு இருக்கிறதே! சிரம்பானிலும் ஈப்போவிலும்கூட டேப் தேய்ந்து கோடு கோடாக வருகிற வரைக்கும் பார்த்தார்கள். இப்போது யூடியூபில் யாரோ ஏற்றிவிட்டு, பேரப்பிள்ளைகளும் பார்க்கிறார்கள்.

கதை சின்னது. ஆயர் ஈத்தாமில் ஒரு பெண். அவளைக் கேட்டு அக்கரை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வருகிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். பெண்ணின் தம்பிக்கு அந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. வருகிறவர்களை விரட்ட அவன் செய்கிற கோமாளித்தனம்தான் படம். அந்தத் தம்பி கோகிலன். அப்போது இருபத்துநாலு வயசு. கேசட் அட்டையில் 'நகைச்சுவை நாயகன் கோகிலன்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அதை வைத்தே பிறகு கல்யாண விருந்துகளுக்கும் பிறந்தநாள்களுக்கும் அறிவிப்பாளராகி, சரக்கு அனுப்புகிற ஃபார்வர்டிங் கம்பெனி வேலையை ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு, பினாங்கு முழுக்க பேர் வாங்கிவிட்டார்.

போன மாசம் ஹேமா என்று ஒரு பெண் போன் பண்ணினாள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் இன்ஜினியர். உள்ளூர் பழைய படங்களுக்கென்று ஃபேஸ்புக்கில் பக்கம் நடத்துகிறவள். "அங்கிள், படத்துக்கு முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. ஒரு விழா எடுக்கிறோம். நடிச்சவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காங்கன்னு தேடிக்கிட்டு இருக்கேன். நீங்கதான் ஹெல்ப் பண்ணணும்."

லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். ஹேமா நோட்டை விரித்தாள். பாதி வேலையை அவளே முடித்து வைத்திருந்தாள்.

கதாநாயகி மோகனா பெர்த்தில் இருக்கிறாள். "பேரன் கிண்டல் பண்ணுவான், என் டான்ஸ மட்டும் போடாதீங்க" என்று கெஞ்சினாளாம். மாப்பிள்ளையாக நடித்தவர் கோலாலம்பூரில் பெரிய லாயர், தான் நடித்ததே யாருக்கும் தெரியக்கூடாது என்கிறாராம். போகட்டும், அவர் நடித்தது அப்போதும் யாருக்கும் தெரியவில்லை. பட்டர்வொர்த் சம்பந்தியாக வந்து கலக்கிய ஹனீபா பாய் காலமாகி ஆறு வருஷம். அவர் மனைவி ஹபீபா பீவி, அவர் கட்டி நடித்த பட்டு வேட்டியையும் தலைப்பாகையையும் இஸ்திரி போட்டு ஹேமாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். டைரக்டர் மோகனராஜும் போய்விட்டார்.

"இன்னும் ஒருத்தர்தான் அங்கிள். கல்யாணத் தரகரா வருவாரே, முனுசாமி. அவருதான் எல்லாருக்கும் ஃபேவரிட். ஃபேஸ்புக்ல தேடிட்டேன், கிடைக்கல லா. உங்களுக்குத் தெரியுமா?"

கோகிலன் பால் விடாத தே ஓவை உறிஞ்சினார். சுட்டது.

"அவரு இல்லம்மா," என்றார். "தவறிட்டாரு."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் விழுந்தது. ஹேமா பேனாவை நிறுத்தினாள். "அலாமாக்! எப்ப அங்கிள்?"

"கோவிட் டைம்ல." அத்தோடு விட்டிருக்கலாம். மேடையில் பேசிப் பழகிய வாய், விடவில்லை. "கடைசியா மொகத்தக்கூட பாக்க முடியலம்மா."

அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. முனுசாமி பேருக்கு எதிரே சின்னதாக ஒரு சிலுவைக் குறி போட்டாள். கோகிலன் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனுஷன், அறுபது வயசாகப் போகிறது, தொண்டையைச் செருமி 'தப்பாச் சொல்லிட்டேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை.

ஏன் இப்படி ஒரு பொய்? முனுசாமி உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததனால்தான்.

அந்தப் பலகைக் காட்சி எல்லாருக்கும் மனப்பாடம். பெண் வீட்டு வாசலில் அகலமான லோங்காங், அதுதான் மழைத்தண்ணீர் ஓடுகிற சிமெண்டு வாய்க்கால். அதன் மேலே ஒரு பலகை. தரகர் முனுசாமி தலையில் சீர்த்தட்டை வைத்துக்கொண்டு முதலில் தாண்டி வர வேண்டும். இந்தப் பக்கம் மண்ணில் கால் வைத்ததும் திரும்பி, "சம்பந்தி! தைரியமா வாங்க, பலகை கெட்டியா இருக்கு!" என்று கூப்பிட வேண்டும். செம்பருத்திச் செடிக்குப் பின்னால் பலகையில் கட்டிய கயிற்றோடு தம்பி ஒளிந்திருப்பான். 'இருக்கு' என்ற சொல் காதில் விழுந்ததும் இழுப்பான். பலகை லோங்காங்கில் விழும், சம்பந்தி வீட்டார் அந்தக் கரையிலேயே மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். இதுதான் மோகனராஜ் எழுதியது.

ஒத்திகை மூன்று தடவை நடந்தது. மூன்று தடவையும் முனுசாமியின் நடையைப் பார்த்தே கூட்டம் சிரித்தது. மனுஷன் பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்துப் பழகிய கால். தட்டில் ஒரு பழம்கூட அசையாமல், இடுப்பை மட்டும் ஆட்டி ஆட்டி அந்தப் பலகையில் வருவார். குனிந்து பார்க்காமலே நடுப்பலகையில் கால் விழும். லைட் பிடித்தவன்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

செடிக்குப் பின்னால் இருந்த நகைச்சுவை நாயகனைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கோகிலனுக்கு வயிறு எரிந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது? பொறாமைதான். கூடவே ஒரு குறுக்குப் புத்தி: பலகை மட்டும் விழுந்தால் என்ன சிரிப்பு வரும், ஆளே விழுந்தால் அல்லவா சிரிப்பு! கேமரா ஓடியது. முனுசாமி பலகையில் முக்கால்வாசி வந்துவிட்டார். அன்றைக்கு உற்சாகத்தில், கரையை எட்டுவதற்கு முன்பே வசனத்தை எடுத்தார். "சம்ப..." என்றதும் கோகிலன் இழுத்தார்.

தட்டு ஒரு பக்கம் பறந்தது, தேங்காய் ஒரு பக்கம் உருண்டது. ஆள் உள்ளே. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கீழேயிருந்து சத்தம் வரவில்லை என்று தெரிவதற்கு எப்படியும் அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

இடுப்பெலும்பு. லாரியில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோகும்போது மோகனராஜ்தான் சொன்னார், "நடுவுல வையுங்க நடுவுல வையுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், ஓரத்துல மிதிச்சிட்டாரே, பலகை பொரண்டுருச்சே!" கூட இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கயிற்றுப் பக்கம் ஒருத்தர் கண்ணும் போகவில்லை. கோகிலன் கயிற்றைச் சுருட்டிச் செடிக்கு அடியில் போட்டுவிட்டு, லாரிக்குப் பின்னாலேயே ஓடினார். வாயைத் திறக்கவில்லை.

அந்தத் துண்டை மோகனராஜ் வெட்டாமல் அப்படியே படத்தில் வைத்தார். அவர் நினைத்தது சரிதான், ஊரே சிரித்தது. முனுசாமிக்குக் கால் இரண்டு விரல்கடை குட்டையாகி, பஸ்ஸில் நிற்க முடியாமல் வேலை போனது. அப்புறம் ஜாகா வேலைதான், ஏதாவது ஒரு கேட்டில் காவலுக்கு உட்கார்ந்து.

கோகிலன் அவரைக் கடைசியாகப் பார்த்தது மூன்று வருஷம் முன்பு. ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியில் பிறந்தநாள் விழாவுக்குப் பேசப் போயிருந்தார். கேட்டில் காரை நிறுத்தியதும் தடி ஊன்றி எழுந்து வந்த ஜாகா, கெரேத்தாக் கண்ணாடி பக்கம் குனிந்து, "பேர் என்ன சார்?" என்றார். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் தெரியும். கோகிலன் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு, "சண்முகம்" என்றார். முனுசாமி அந்தப் பேரை எழுதிக்கொண்டு, கம்பியைத் தூக்கி, ஒரு சலாமும் வைத்தார். சே! என்ன ஜென்மம் என்று அன்றைக்கு வீடு போகிற வரை தன்னைத் தானே திட்டிக்கொண்டார். திட்டி என்ன பிரயோஜனம்.

அந்த மனுஷனை ஹேமா கண்டுபிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தால்? அவர் காலைப் பார்த்துக்கொண்டே 'சம்ப' என்று சொல்லிக் காட்ட வேண்டி வந்தால்? அதற்குத்தான் ஒரே வார்த்தையில் ஆளைச் சாகடித்தார்.

விழா அழைப்பிதழ் வந்தபோது அதைப் பார்த்த மனைவி லெட்சுமி, "எல்லாரும் வர்றாங்களா? முனுசாமி அண்ணே?" என்றாள்.

"தவறிட்டாராம்."

"ஐயையோ! யாரு சொன்னா?"

"அந்தப் பொண்ணுதான். ஹேமா."

பொய் ஒன்று குட்டி போட்டு இரண்டாயிற்று. லெட்சுமி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நம்ம கல்யாணத்துக்கு ஊண்டுகோலோட வந்து, நிக்க முடியாம நின்னு பந்திக்கு அப்பளம் வெச்ச மனுஷன். போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்திருக்கலாம்ல நீங்க? கல்லு நெஞ்சு உங்களுக்கு," என்றாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. ஹேமாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதி எழுதி அழித்தார். வியாழக்கிழமை மனசு கேட்காமல் ஆயர் ஈத்தாமுக்கே போனார். எல்லாவற்றையும் காலில் விழுந்து சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனார். கேட்டில் நேப்பாளி ஒருவன் உட்கார்ந்திருந்தான். பழைய அங்கிள் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆச்சு, எங்கே என்று தெரியாது என்றான்.

வண்டிக்குத் திரும்பி நடக்கும்போது கோகிலனுக்கு ஒரு நினைப்பு வந்தது. ஒருவேளை நிஜமாகவே செத்திருப்பாரோ? அப்படியானால் பொய் பொய்யில்லை. அந்த நினைப்பில் தனக்கு மூச்சு லேசானதை அவரே கவனித்தார். கவனித்ததும் நடுரோட்டில் நின்றுவிட்டார். ஒரு மனுஷன் செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற அளவுக்கா வந்துவிட்டேன்? வெட்கம் பிடுங்கித் தின்றது. தின்றதே ஒழிய, ஹேமாவுக்குப் போன் பண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஜார்ஜ் டவுனில் ஒரு சங்கத்து மண்டபம். இருநூறு பேருக்கு மேல். நுழைவுக் கட்டணம் பத்து வெள்ளி. மேடை ஓரத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் மறைந்த கலைஞர்களின் படங்கள். மோகனராஜ். ஹனீபா பாய், பக்கத்தில் மடித்து வைத்த அந்தத் தலைப்பாகை. மூன்றாவதாக முனுசாமி. தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படம். கண்ணாடிமேல் குங்குமப் பொட்டு, சம்பங்கி மாலை, எதிரே விளக்கு.

"அங்கிள், நீங்க பூப்போட்டு ஆரம்பிச்சு வையுங்க," என்றாள் ஹேமா.

உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போடுவதே ஆகாது என்பார்கள். தெரிந்தே அதற்குப் பூப்போடுகிறவனை என்னவென்று சொல்வது? கோகிலன் இரண்டு படங்களுக்குப் போட்டார். மூன்றாவது படத்துக்கு வந்ததும் கையில் இருந்த பூ வியர்வையில் ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்றது. உதறிப் போட்டார். முதல் வரிசையில் லெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு நிமிஷ மௌன அஞ்சலி. எல்லாரும் எழுந்து தலை குனிந்தார்கள். அந்த அமைதியில் மண்டபத்துக் கடைசியில் கதவு திறந்தது. டக் டக்கென்று தடி ஊன்றுகிற சத்தம். தாமதமாக வந்தவர், எல்லாரும் நிற்பதைப் பார்த்து, அங்கேயே நின்று தானும் தலையைக் குனிந்துகொண்டார். கூட வந்த பெண்ணும் குனிந்தாள்.

ஹேமா மைக்கில் பேர்களைப் படித்தாள். "அமரர் மோகனராஜ்... அமரர் ஹனீபா... அமரர் முனுசாமி..."

"இருக்கேம்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி, மரியாதையாக, கையைத் தூக்கிச் சொன்னார். இருநூறு தலைகளும் திரும்பின. ஒரு நொடி, இரண்டு நொடி. யாரோ அடையாளம் கண்டு, "டேய், தரகருடா!" என்று கத்த, மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. கைதட்டல், விசில். "சம்ப! சம்ப!" என்று கோஷம்.

ஹேமா வெலவெலத்துப்போய்க் கோகிலனைப் பார்த்தாள். அப்புறம் அவளாகவே முகம் மலர்ந்தாள். "அங்கிள்! சர்ப்ரைஸா? இதெல்லாம் உங்க ஐடியாவா?"

கோகிலன் தலையை ஆட்டினார். ஆமாம் என்றுதான் ஆட்டினார். சொல்லக் கூசுகிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

"பாத்தீங்களா, நம்ம கோகிலன் அங்கிளோட காமெடிய!" என்று ஹேமா மைக்கில் கூவினாள். மறுபடி கைதட்டல். இந்தத் தடவை அவருக்கு.

முனுசாமி நடுவழியில் வந்துகொண்டிருந்தார். காலை இழுத்து, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு எட்டாக. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படத்து நடையை நடந்து காட்டுகிறார் என்று நினைத்தார்கள். பக்கத்தில் வந்த மகள் குமுதாவுக்கு முகம் இறுகிப் போயிருந்தது. மேடையில் ஏறியதும் முதல் வேலையாக அந்த மாலையை அவள் பிடுங்கி எறிந்தாள். "எங்கப்பா உக்காந்து சோறு திங்கிறாரு. யாரு லா இந்த மாலையப் போட்டது?"

அதற்கும் சிரித்தார்கள். முனுசாமிதான் அவள் கையைப் பிடித்து, "விடும்மா, தமாஷுக்குப் பண்ணியிருக்காங்க," என்றார். புடவைத் தலைப்பால் படத்துப் பொட்டை அழித்துவிட்டு அவள் ஓரமாக நின்றாள்.

கோகிலனுக்குப் பக்கத்து நாற்காலியில் முனுசாமியை உட்கார வைத்தார்கள். எதை நினைத்துப் பயந்தாரோ, அது அச்சு அசலாக நடந்தது. விளக்கை அணைத்துத் திரையில் பலகைக் காட்சியைப் போட்டார்கள். முனுசாமி வந்தார், "சம்ப" என்றார், விழுந்தார். கூட்டம் அலறியது. இரண்டாம் தடவை போடச் சொல்லிக் கத்தினார்கள்.

அந்த இரைச்சலில் முனுசாமி கோகிலன் காதருகே குனிந்தார்.

"தம்பி, எனக்கு அழைப்பு வரல. வராதுன்னு தெரியும். இருந்தாலும் டிக்கெட் வாங்கிப் பின்னால உக்காந்து பாத்துட்டுப் போயிடலாம்னுதான் மகள கூட்டிக்கிட்டு வந்தேன். ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டே இருந்தேன்." தடியைத் தடவிக்கொண்டார். "அன்னிக்கு ஓரத்துல மிதிச்சு உன் சீன கெடுத்துப்புட்டேன். படத்துல கயிறு இழுக்கிறது நீதான், அது உனக்குக் கிடைக்க வேண்டிய சிரிப்பு. மன்னிச்சிரு தம்பி."

கோகிலனுக்குக் காது அடைத்துப்போனது. முப்பத்தைந்து வருஷம்! தன்னைத் திட்டுவார், சபிப்பார், சட்டையைப் பிடிப்பார் என்று பயந்து ஓடிக்கொண்டிருந்தால், அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்கக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்!

விளக்கு வந்தது. "இப்ப அங்கிள் பேசுவாரு," என்று ஹேமா மைக்கைக் கையில் திணித்தாள்.

"அண்ணே ஓரத்துல மிதிக்கல," என்றார் கோகிலன். "நான்தான் முன்னாடியே கயித்த இழுத்துட்டேன்."

சிரிப்பு.

"வேணும்னேதான் இழுத்தேன். எல்லாரும் அவரப் பாத்து சிரிச்சாங்க. எனக்குப் பொறுக்கல."

இன்னும் பெரிய சிரிப்பு. ஒருத்தன் விசிலடித்தான்.

"தமாஷ் பண்ணல. அவரு செத்துட்டாருன்னு சொன்னதும் நான்தான். தெரிஞ்சே சொன்னேன்."

சிரித்துச் சிரித்து ஒரு அம்மாவுக்குப் புரையேறி, பக்கத்திலிருந்தவர் தண்ணீர் கொடுத்தார். அவர் வாயிலிருந்து எது வந்தாலும் சிரிப்பதற்கென்றே வந்த கூட்டம். வேறு எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மைக்கை வைத்துவிட்டு முனுசாமி முன்னால் போய் முழங்காலை மடக்கினார்.

"சம்ப!" என்று மண்டபமே ஒரே குரலில் கத்தியது.

அவர் எழுந்திருக்கவில்லை. அந்தக் குட்டைக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். விக்கி விக்கி, மூக்கு ஒழுக, பார்க்கச் சகிக்காத அழுகை. முதல் வரிசையில் லெட்சுமி எழுந்து நின்றுவிட்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் அடங்கினார்கள், அப்புறம் அடுத்த வரிசை. பின்னால் இரண்டு பேர் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் நிறுத்தினார்கள்.

"என்ன தம்பி சொல்ற?" என்றார் முனுசாமி.

"நீங்க 'சம்பந்தி'ன்னு முழுசாக்கூட சொல்லல அண்ணே. அதுக்குள்ள இழுத்துட்டேன். கயித்தச் செடிக்கு அடியில போட்டுட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

முனுசாமி தன் காலைப் பற்றிக் கேட்பார், போன வேலையைப் பற்றிக் கேட்பார் என்று கோகிலன் தலையைக் குனிந்தபடி காத்திருந்தார். ஓங்கி ஒரு அறை விட்டால்கூட நல்லது என்று இருந்தது.

"அப்ப, நான் நடுவுலதான் மிதிச்சேனா?"

"நடுவுலதான் அண்ணே."

முனுசாமி நிமிர்ந்து ஹேமாவைப் பார்த்தார். "அம்மா, இன்னொரு தடவ போடு. மெதுவாப் போட முடியுமா?"

மெதுவாகப் போட்டாள். இந்தத் தடவை யாரும் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தார்கள். ஒவ்வொரு எட்டும் பலகை நடுவில், நூல் பிடித்த மாதிரி. கடைசி எட்டில் கால் ஊன்றி நிற்கும்போதே பலகை அவருக்கு அடியில் உருவிக்கொண்டு போனது. செம்பருத்திச் செடிப் பக்கம் கயிறு விறைத்து நின்றது இப்போது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. இதைத்தான் முப்பத்தைந்து வருஷமாகப் பார்த்து வந்தார்கள்.

"குமுதா, பாத்தியா?" முனுசாமி திரையைக் காட்டினார். "அப்பா நடுவுலதான் வெச்சிருக்கேன்."

குமுதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கோகிலனைப் பார்த்துத்தான் பேசினாள். "கோயில் நாடகத்துக்கு வந்து கூப்பிடுவாங்க. மாட்டேன்னுடுவாரு. ஒரு பலகையில ஒழுங்கா நடக்கத் தெரியாதவன் எனக்கு எதுக்கு மேடைன்னு. அம்மா சாகுற வரைக்கும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. காலு போனதுக்கு அவரு ஒரு நாளும் அழுவல. இதுக்குத்தான் அழுதாரு, தெரியுமா உங்களுக்கு?"

கோகிலனுக்குத் தெரியாது. காலை உடைத்தது மட்டும்தான் தன் பாவம் என்று அவர் கணக்கில் வைத்திருந்தார்.

முனுசாமி தடியை ஊன்றி எழுந்தார். மைக் முன்னால் போய் நின்றார். இடுப்பை நிமிர்த்த முடிந்த அளவுக்கு நிமிர்த்தி, ஒரு கையால் இல்லாத தட்டைத் தலையில் பிடித்துக்கொண்டு, மண்டபத்துக் கடைசி வரை கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

"சம்பந்தி! தைரியமா வாங்க, பலகை கெட்டியா இருக்கு!"

யாரும் கத்தவில்லை, விசிலடிக்கவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். லெட்சுமி தட்டினாள், ஹேமா அழுதுகொண்டே தட்டினாள். கோகிலன் தரையில் உட்கார்ந்தபடி இருந்தார். தட்டுகிற யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று தெரியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

கைதட்டல் ஓய்ந்ததும் முனுசாமி மேடையை விட்டு இறங்கப் போனார். மூன்று படி. ஓரத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை. குமுதா மாலை விழுந்த இடத்தில் குனிந்து சிதறிய பூக்களை எடுத்துக்கொண்டிருந்தாள். கோகிலன் பதறிப்போய் ஓடி, படிக்குக் கீழே இறங்கி, கையை நீட்டினார்.

"புடிச்சுக்குங்க அண்ணே."

முனுசாமி அந்தக் கையைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ்ஸில் சில்லறை இல்லாத ஆளிடம் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்.

"வேணாம் தம்பி. நீ புடிக்காத."

தடியை முதல் படியில் ஊன்றினார். காலை இழுத்து வைத்தார். அப்புறம் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. மண்டபத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.